அப்பாவுக்குக் கொண்டுபோன சோறு

என் வீட்டு அலமாரி மேல் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது. அதில் நான் எதுவும் போட்டு வைப்பதில்லை.

அறுபதுகளில் என் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தீவின் சாத்தம் மரமில்லுக்குப் போவான். அப்பாவுக்கு மதியச் சோறு. அண்ணனுக்குப் பிறவியிலேயே புத்தி மெதுவாகத்தான் ஓடும். நாள் கிழமை தெரியாது. ஆனால் மில் சங்கு ஊதும்போது கேட்டில் நிற்பான். "என்ன மாப்ளே, இன்னைக்கு மீனா கருவாடா?" என்று மில்காரர்கள் வம்புக்கு இழுப்பார்கள். "அப்பாட்ட கேளு" என்பான்.

அப்பா காய்ச்சலில் இறந்தார். அண்ணனுக்கு அதெல்லாம் புரியாது, கல்லறைக்குக் கூட்டிப்போகவேண்டாம் என்றார் மாமா. அப்பா கப்பலேறிக் கடலுக்கு அக்கரையில் மெயின்லேண்ட் போயிருக்கிறார் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். தீவில் வீட்டுக்கு வீடு யாராவது மெயின்லேண்ட் போயிருப்பார்கள், திரும்பியும் வருவார்கள். அண்ணன் நம்பினான். கப்பல் வரும் நாளெல்லாம் தூக்குச்சட்டியோடு சாத்தம் துறைமுக ஜெட்டியில் நின்றான். கடைசி ஆளும் இறங்கிப் போனபின் தலையைத் தூணில் மோதினான். சாப்பாடு போனது, தூக்கம் போனது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறவிக் கோளாறு, இப்படித்தான் இருப்பான் என்றார். "முன்ன இப்படி இல்லைய்யா. சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்ச புள்ள" என்றாள் அம்மா. பாகலுக்கு, அதாவது பைத்தியத்துக்கு, முன்னே என்ன, பின்னே என்ன என்று அவர் இந்தியில் கேட்டார். கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். இங்கே வைத்தியம் கிடையாது, மெயின்லேண்டில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

அம்மா அனுப்பமாட்டேன் என்றாள். ஆனால் மெயின்லேண்ட் என்றது அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவனை நிறுத்த முடியவில்லை. "தங்கச்சி, அப்பாக்குச் சோறு கட்டு" என்றான். கட்டினேன். சிரித்துக்கொண்டே கப்பல் ஏறினான்.

கூடப் போன மாமா தூக்குச்சட்டியோடு திரும்பினார். அண்ணன் அந்த ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான். எதனால் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன மாதம் இதே தீவில் டாலிகஞ்சில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரி போனேன். அவளும் அண்ணன் மாதிரிதான்; கொஞ்ச நாளாய்ச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. மனநல டாக்டரம்மா அவள் தாயிடம் கேட்டார்: "வீட்ல யாராவது இறந்தாங்களா? இவகிட்ட சொன்னீங்களா?"

இவ்வளவுதான். இதைக் கேட்க அன்றைக்கு மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் வாய் இருந்தது.

வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியை இறக்கித் துடைத்து, திரும்ப மேலே வைத்தேன். அப்பாவின் கல்லறை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அவனைக் கடல் தாண்டி அனுப்பினார்கள்.