மேல்கட்டில் பேரில் ஒரு கடன்

அடுத்தவர் சண்டையை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வேறு மொழியில் எடுத்து வைத்து, பக்கத்துக்கு நாற்பது திர்ஹம் வாங்குவதுதான் சட்ட மொழிபெயர்ப்புத் தொழில். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் துபாயில், நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தேன். தமிழ்த் தாளை நான் ஆங்கிலமாக்குவேன். சூடான்காரரான உஸ்தாத் உஸ்மான் அதை அரபியாக்கி முத்திரை குத்துவார். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் கையால் தொடாது. ரூம் நண்பனுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்காக அவனிடமே திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

அக்கா மேல் சத்தியம்

வேலையில் சேர்ந்த புதிதில் வந்தது அந்தக் கடன் சீட்டு. "உங்களிடம் வாங்கிய ஐயாயிரம் திர்ஹத்தை நோன்புப் பெருநாளுக்குள் தந்துவிடுகிறேன் மச்சான், இது என் அக்கா மேல் சத்தியம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. எதையும் விடக் கூடாது என்பது விதி. அக்காவையும் சேர்த்தே ஆங்கிலமாக்கி உஸ்தாதிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தப் பெண்மணி ஜாமீன்தாரரா, ஆமென்றால் கையெழுத்து எங்கே என்று கேட்டார். ஜாமீன் இல்லை, சும்மா சத்தியம்தான் என்றேன். மச்சான் என்றால் யார் என்று கேட்டார். அக்காவின் கணவர், அதாவது கடன் கொடுத்தவரின் மனைவிதான் இந்த அக்கா என்று விளக்கினேன். உஸ்தாத் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஈடாக வைத்த பொருள் ஏற்கெனவே கடன் கொடுத்தவர் வீட்டில்தான் இருக்கிறது என்றால், அவருக்கு இன்னும் என்ன வர வேண்டுமாம்?"

இருபத்திரண்டு, வலது, மேல்

காசீம் பாய் கீழக்கரைக்காரர். சோனாப்பூரில் ஒரு லேபர் கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய தடித்த பற்று நோட்டு ஒன்றோடு வந்தார். ஒரே ஆளிடமிருந்து பதினோராயிரத்து நானூற்றைம்பது திர்ஹம் வர வேண்டியிருக்கிறது, வழக்குப் போடப்போகிறேன், கடைசிப் பக்கத்தை மட்டும் அரபியில் போட்டுத் தாருங்கள் என்றார்.

நோட்டை விரித்தால், பக்கத்தின் தலையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '22 வலது மேல்' என்று இருந்தது. இருபத்திரண்டாம் ரூம், வலது சுவரோரம், மேல்கட்டில். கடன்காரரின் பெயர் செல்லதுரை என்று, கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதி வந்திருந்தார். அதையே நோட்டிலும் எழுதியிருக்கலாமே என்றேன். காசீம் பாய் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்தக் கேம்புல முருகன் மட்டும் ஏழு பேரு, ராஜேந்திரன் நாலு பேரு. எவன் பேர்ல எழுதச் சொல்றீங்க? ஆளு மாறுவான் சார், கட்டில் மாறாது."

கட்டிலோடு வருபவை

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்கு ஒரேயடியாகப் போகிறவர் தன் கட்டிலை மச்சினனுக்கோ பங்காளிக்கோ கைமாற்றிவிட்டுப் போவார். மெத்தை, வாளி, அடுப்பில் பங்கு, கடைப் பாக்கி எல்லாமே கட்டிலோடு வரும். வருகிறவர் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பார். ஊரில் இரண்டு குடும்பங்களும் பேசி நேர்செய்துகொள்ளும். பத்து வருஷமாகக் காசீம் பாய் அப்படித்தான் வசூல் செய்துவந்தார், ஒரு காசு போனதில்லை. பிறகு கம்பெனி, கட்டில் ஒதுக்குவதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கட்டிலுக்கு முன்பின் தெரியாத ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோட்டு மட்டும் பழைய வழக்கத்திலேயே இருந்தது.

கடைசிப் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்தால் 'இது ஒரு பகுதி மட்டுமே' என்று உஸ்தாத் கீழே எழுதிவிடுவார், அதைப் பார்த்ததும் நீதிமன்றம் மீதியைக் கேட்கும் என்றேன். அந்தக் கட்டிலின் கணக்கு மொத்தம் பத்தொன்பது பக்கம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்த குறிப்புகளையும் நான் விடவில்லை. 'மீசை ஊருக்குப் போயாச்சு, மச்சினன் வந்தாச்சு' என்று ஓரிடத்தில். 'மச்சினனும் போயாச்சு, புது ஆள், பீடி கிடையாது' என்று இன்னோரிடத்தில். அதெல்லாம் தன் ஞாபகத்துக்கு எழுதியது, விட்டுவிடுங்கள் என்றார். விட எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். காசீம் பாய் பணத்தை எண்ணி வைத்தார். "பென்சில்ல எழுதுனதுக்குமா சார் நாப்பது திர்ஹம்?"

கிடா

இரண்டு வாரம் கழித்து, நீதிமன்ற நோட்டீஸ் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தார். கம்பி கட்டும் வேலை, அருப்புக்கோட்டைப் பக்கம், சம்பளம் எழுநூறு. அரபியில் இருக்கிறது, என்னவென்று சொல்லுங்கள் போதும், எழுதித்தர வேண்டாம் என்றார். உஸ்தாத் படித்தார், நான் தமிழில் சொன்னேன். காசீம் பாய் வழக்கு. பதினோராயிரத்துச் சொச்சம். அதோடு, தீர்ப்பு வரும்வரை பிரதிவாதி நாட்டை விட்டுப் போகக் கூடாது என்றும் கேட்டிருந்தார்.

செல்லதுரை தொகையைக் கேட்டபோதுகூட அசையவில்லை, கடைசி வரியைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு லீவு கிடைத்திருந்தது. இருபது நாளில் ஃப்ளைட். இதைத் தவறவிட்டால் அடுத்த லீவு கம்பெனி இஷ்டம். அவர் இங்கே வந்தபின் பிறந்த மகளுக்குக் காதுகுத்து, அப்பா வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். கடையில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஃபோன் கார்டு, லபன் மோர், ரொட்டி. முந்நூறு திர்ஹம் பக்கம் பாக்கி இருக்கும், அதை இல்லை என்று சொல்லவில்லை என்றார்.

எதிர்த்தரப்பின் நோட்டை நான் பக்கம் பக்கமாக அறிவேன். ஆனால் அதிலிருப்பதை வெளியில் சொல்வது தொழிலுக்கு ஆகாது. ஆகவே பொதுவாக ஒன்று சொன்னேன். வழக்கில் தாக்கலான எந்தத் தாளையும் பிரதிவாதி நகல் கேட்டு வாங்கலாம், முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லி வாதாடலாம். இதைச் சற்று அழுத்தியே சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செல்லதுரை நோட்டீஸை மறுபடி நாலாக மடித்தார். "புள்ள காத்திருக்கும் சார். கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கிடாதான் கிழடாகிட்டு வருது."

யார் இந்தக் கனவான்?

நீதிபதி கணக்கைச் சரிபார்க்க ஒரு நிபுணரை நியமித்தார். எகிப்துக்காரர், நிதானமானவர். இரண்டு பேரையும் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். பேச்சை மொழி மாற்றிச் சொல்ல நானும் உஸ்தாதும் போனோம். காசீம் பாய் வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்திருந்தார். செல்லதுரை சைட்டிலிருந்து நேராக வந்திருந்தார். ஃப்ளைட்டுக்கு இன்னும் ஆறு நாள்.

நிபுணர் பத்தொன்பது பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டினார். செல்லதுரையின் பாஸ்போர்ட்டை வாங்கி விசா முத்திரையின் தேதியைப் பார்த்தார். அப்புறம் மிக மரியாதையாகக் கேட்டார்: "நோட்டின்படி இந்தக் கனவான் நாட்டுக்குள் நுழைவதற்கு மூன்று வருடம் முன்பே இங்கே கடன் வாங்கியிருக்கிறார். மாதத்துக்கு நாற்பது கட்டு பீடி பிடித்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை பீடியை அடியோடு விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையிலிருந்து லபன் குடிக்கிறார். இவரை இப்படித் திருத்தியது யார்?"

நான் தமிழில் சொன்னேன். காசீம் பாய் வழக்கத்தை விளக்கினார். கட்டில், மெத்தை, வாளி, பாக்கி. நிபுணர் பொறுமையாகக் கேட்டார். வாளியை இந்த ஆள் வாங்கிக்கொண்டாரா என்று கேட்டார். வாளி மச்சினனோடு போய்விட்டது, மெத்தை கம்பெனி புதிதாகக் கொடுத்தது என்று செல்லதுரை சொன்னார். 'புது ஆள்' என்ற பென்சில் குறிப்புக்குக் கீழே இருந்த வரிகளை மட்டும் நிபுணர் கூட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. காசீம் பாய்க்கு முகம் வாடிவிட்டது. அப்போ என் பதினோராயிரம் யார் தலையில் என்று கேட்டார். மாற்றிச் சொன்னேன். நிபுணர் கோப்பை மூடினார். "இந்த நோட்டின்படி பார்த்தால், கட்டிலுக்குத்தான் சம்மன் அனுப்ப வேண்டும்."

கட்டிலில் இல்லை என்பதற்கு அத்தாட்சி

செல்லதுரை முந்நூற்றுப் பன்னிரண்டையும் அன்றே கட்டினார். காசீம் பாய் வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்துப் போட எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். அதுவும் ஒரு பக்கம், நாற்பது திர்ஹம். கோபமில்லை, களைத்திருந்தார். மீசைக்காரரின் ஊர் விலாசம் எங்கேயோ குறித்து வைத்திருக்கிறேன், தேட வேண்டும் என்றார். பயணத் தடைக்கான கோரிக்கையும் அந்த மனுவோடு போயிற்று. ஃப்ளைட்டுக்கு நாலு நாள் இருந்தது.

மறுநாள் செல்லதுரை மட்டும் வந்தார். இரண்டு மாத லீவில் போகும்போது கட்டிலைக் காலியாக வைக்க மாட்டார்கள், கம்பெனி வேறொருவரைப் படுக்க வைக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இருபத்திரண்டு வலது மேலில் தான் இல்லை என்று முத்திரையோடு ஒரு தாள் வேண்டும் என்றார். நான் வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் போட்டேன். உஸ்தாத் ஒரு கேள்வியும் கேட்காமல் அரபியாக்கி முத்திரை குத்தினார், காசு வாங்க வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார்.

செல்லதுரை ஊர் போய்ச் சேர்ந்த வாரம், அவர் கடையில் கொடுத்துவிட்டுப் போன அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு காசீம் பாய் படியேறி வந்தார். ஏதோ சண்டை என்று எழுந்து நின்றேன். அவர் தாளை மேஜைமேல் விரித்து வைத்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார். "ஊருக்குப் போறவனுக்கெல்லாம் ஒண்ணு குடுக்க, தேதியில்லாம, கட்டில் நம்பர் இல்லாம இதே மாதிரி இருநூறு அடிச்சுத் தர மொத்தமா என்ன ஆகும் தம்பி?"

நிரப்பாத தாளில் முத்திரை குத்த முடியாது என்று இருநூற்றையும் உஸ்தாத் மறுத்துவிட்டார். சண்டைகள் குறைந்தால் வயிற்றுப்பாடு என்னாவது என்று நானும் அவரை வற்புறுத்தவில்லை.