திறந்தே கிடந்த குழாய்

ஷவரைத் திறந்தால் தண்ணீர் தோளில் அடித்து விழ வேண்டும். தலையில் சொட்டிக்கொண்டிருந்தால் அது குளியல் இல்லை. குழாய் வேலைக்கு வந்த நாளிலிருந்து இது என் கொள்கை.

சுங்கை பஞ்சாங்கின் வயலோர வீடுகளிலிருந்து சுங்கை சோ வரை நான் ஹீட்டர் மாட்டிக் கொடுத்த வீடுகள் ஏராளம். இணைப்பு கசிகிறது என்று ஒருவரும் என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி பெற்று, தொழிற்கல்லூரியில் படித்து, விரும்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். "படிச்ச பையன் பைப்பு மாட்டப் போறானாமே" என்று நான் பிறந்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்டபோது, "அவன் மாட்டுற பைப்புல தண்ணி வரும்ல, போதும்" என்று என் அப்பா சொன்னார். அவர் சொன்னபடியே தண்ணீர் வந்தது.

இந்த வெயில் ஊரில் சுடுநீர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் விடிவதற்கு முன்பு எழுந்து குளித்து வேலைக்குப் போனவர்களாக இருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வட்டாரத்துத் தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் வேகமாக வராது. அதனால் நான் ஹீட்டரைக் கூரைத் தொட்டியோடு சேர்க்காமல், தெருவிலிருந்து வரும் குழாயோடு நேராகச் சேர்த்துவிடுவேன். ஹீட்டரோடு பெட்டியில் ஒரு பித்தளை வால்வும் வரும். தண்ணீரை ஹீட்டருக்குள் விடும். வந்த வழியே திரும்பிப் போக விடாது. அதற்குள் ஒரு சுருள்கம்பி உண்டு. அதைத் தள்ளிக்கொண்டு வருவதில் தண்ணீரின் வேகம் கொஞ்சம் குறையும். எனக்கு அந்தக் கொஞ்சமும் பொறுக்காது. கோடி வீடுகளில் அந்த வால்வைப் பூட்டாமல் விட்டுவிடுவேன். மற்றவர்கள் மாட்டிய ஷவர் அழும்போது நான் மாட்டியது பொழியும். "அவர் கை வெச்சா மழைதான்" என்று பெயர் வாங்கியது அப்படித்தான். மிஞ்சிய வால்வுகளை வேனில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். நல்ல பித்தளையை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு கோடி வீடு. அந்த வீட்டு அம்மா எங்கள் தோட்டத்தில் புல்வெட்டு வேலை பார்த்தவர், என்னைவிட இளையவர். தோட்டம் விற்றுப்போன பிறகு கிடைத்த வரிசை வீட்டில், கணவர் காலமான பின்பு தனியாக இருந்தார். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"அண்ணே, வெறக மூட்டிப் பொகையில நிக்க இப்பல்லாம் நெஞ்சு ஒத்துக்க மாட்டேங்குது. எம் மவளுக்கு நல்லதா ஒன்னு மாட்டிக் குடுங்க" என்றார்.

மாட்டிக் கொடுத்தேன். ஷவரில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, பேய் மழையால்ல இருக்கு" என்று சிரித்தார். அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பிட்ட மீன் குழம்பு எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. புகழ்ச்சியோடு சாப்பிட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த அம்மா போன் செய்தார். "ஹீட்டர் சுடலண்ணே. முடிஞ்சா இன்னிக்கே வாங்க." குரல் சரியாக இல்லை.

போனபோது வாசலில் ஒரு கார் நின்றது. அந்த அம்மா நாற்காலியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் கட்டு. மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். மருமகனின் அம்மா, சுங்கை சோவிலிருந்து வந்தவர், குழந்தைத் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஹீட்டர மெதுவாவே பாருங்க. இனிமே இங்க யாருக்கும் சுடுதண்ணி அவசரமில்ல. மருமவளையும் புள்ளயையும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நடந்ததை மகள் சொன்னாள். முந்தின நாள் காலையில் தெருத் தண்ணீர் நின்றுவிட்டது. ஹீட்டரிலும் தண்ணீர் வரவில்லை. அம்மா அடுப்பில் ஒரு பானையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்து, அதை விளாவுவதற்குப் பின்கட்டில் இருக்கும் நீல டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கலந்தார். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்கள் முதல் சொம்பைத் தங்கள் காலில் ஊற்றிப் பார்ப்பார்கள். அவரும் அப்படி ஊற்றினார். இரண்டு காலும் வெந்துவிட்டன. குழந்தை அப்போது மகள் கையில் இருந்தது.

"நான் வழக்கமா விளாவுற அளவுதாண்ணே. டிரம்முத் தண்ணி சுட்டுச்சு" என்றார் அந்த அம்மா.

"டிரம்மு என்னா, அடுப்பு மேலயா இருக்கு?" என்றார் சம்பந்தி. "இவங்க மவளே போய்த் தொட்டுப் பாத்திருக்கா. பச்சத்தண்ணி. கண்ணு மங்கிருச்சின்னா மங்கிருச்சின்னு சொல்லணும் லா. புள்ள மேல ஊத்தியிருந்தா?"

"அத்த, நாங்க கிளினிக்குக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தண்ணி வந்து டிரம்மு ரொம்பிருச்சு. நான் தொட்டது அப்புறம்தான்" என்றாள் மகள்.

"நீ உங்கம்மாவுக்குப் பேசாம யாருக்குப் பேசுவ?"

நான் குளியலறைக்குப் போய் ஹீட்டரைக் கழற்றினேன். உள்ளே சூடாக்கும் கம்பி கருகிக் கிடந்தது. தண்ணீருக்குள் இருக்கும் கம்பி அப்படிக் கருகாது. ஹீட்டர் காலியாக ஓடியிருக்கிறது. பின்கட்டுக்குப் போனேன். அங்கேயும் தெருத் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு; அதில் மாட்டிய ரப்பர் டியூபின் மறுமுனை டிரம்மின் அடிவரை இறங்கியிருந்தது. குழாய் திறந்திருந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். தண்ணீர் நின்றால் நாங்கள் குழாயை மூட மாட்டோம். எல்லாவற்றையும் திறந்தே போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். தண்ணீர் வரும்போது சத்தம் கேட்க வேண்டும். பிடித்து வைக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நானே அப்படி எத்தனையோ முறை காது கொடுத்துக் காத்திருந்தவன். அந்த அம்மாவும் அப்படித்தான் செய்திருந்தார். ஷவர் திறந்திருந்ததால் ஹீட்டருக்குள் காற்று நுழைந்தது. தெருக்குழாய் காலியாக இருந்ததால் சுடுநீர் வந்த வழியே திரும்பி, தாழ்வாக இருந்த டியூப் வழியாக டிரம்முக்குள் போயிருக்கிறது. தடுத்திருக்க வேண்டிய வால்வு என் வேனில் பிஸ்கட் டின்னில் கிடந்தது.

"என்னா கோளாறு?" என்று சம்பந்தி உள்ளேயிருந்து கேட்டார்.

"சாமான்ல கோளாறு. மாத்திக் குடுத்துர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மகள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து குடித்தேன். சம்பந்தி துணி மடித்துக்கொண்டே இருந்தார். இதை எழுதும்போதும் அந்தத் தேநீரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வால்வைப் பூட்டாமல் விட்டதைவிட அதுதான் பெரிய தப்பு.

அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "அண்ணே, நெசமாவே நாந்தான் மாத்தி மொண்டுட்டேனோ என்னமோ. பானையிலேர்ந்தே ரெண்டு தடவ ஊத்திட்டேனோ? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கூட்டிட்டுப் போவட்டும். அதான் புள்ளைக்கு நல்லது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ சரியாத்தாம்மா மொண்ட. டிரம்முல இருந்தது ஹீட்டர் தண்ணி. நான் பூட்ட வேண்டிய வால்வைப் பூட்டல" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

சம்பந்தி மடிப்பதை நிறுத்தினார். "பெரியவரே, ஒரே தோட்டத்துக்காரங்கன்னு இவங்களக் காப்பாத்தப் பேசாதீங்க."

"வந்து பாருங்க."

அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். டிரம்மைக் கவிழ்த்துக் காலியாக்கினேன். கருகிய கம்பியையே திரும்பப் பூட்டி ஹீட்டரில் தண்ணீரை நிரப்பினேன். வாசலில் தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வை அடைத்தேன். ஷவரைத் திறந்து வைத்தேன். பின்கட்டுக் குழாயையும் திறந்தேன்.

"தெருத் தண்ணிய அடச்சாச்சு. இப்ப இந்த டியூபுல தண்ணி வரக்கூடாது, இல்லையா?" என்றேன்.

வந்தது. சம்பந்தி டியூபின் வாயில் கையை வைத்தபடி நின்றார். டிரம்மின் அடி நிறைந்து தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் மீட்டர் வரை நடந்து போய், வால்வை நான் நிஜமாகவே அடைத்திருக்கிறேனா என்று முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"ஏன் பூட்டல?"

"பூட்டுனா தண்ணி வேகம் கொறையும்."

"கொறஞ்சா?"

"எம் பேரு கெடும்னு நெனச்சேன்."

"நல்லா வாங்குனீங்க லா பேரு" என்றார்.

அவர் உள்ளே போனார். அந்த அம்மாவிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. "கட்டு நனஞ்சிருக்கே, மாத்தலையா? காலக் காட்டுங்க" என்றதுதான் கேட்டது. பிறகு பையின் ஜிப் திறக்கும் சத்தம். துணிகள் அலமாரிக்குத் திரும்பின.

நான் வேனிலிருந்து டின்னை எடுத்துவந்து வால்வைப் பூட்டினேன். டியூபின் முனையை டிரம்முக்குள்ளிருந்து எடுத்து, விளிம்புக்கு ஒரு சாண் மேலே சுவரில் ஆணியடித்துக் கம்பியால் கட்டினேன். தண்ணீர் விழட்டும், அதில் முங்கிக் கிடக்கக் கூடாது.

மறுநாள் ஹீட்டருக்குப் புதிய சூடாக்கும் கம்பியோடு போனபோது சம்பந்தி போகாமல் அங்கேயே இருந்தார். குழந்தையைத் தன் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசற்படி நாற்காலியிலிருந்து கட்டளையிட்டார்.

"கழுத்த நல்லா தூக்கிப் புடிங்க."

"நானும் நாலு பெத்தவதான் சம்பந்தி."

"மூக்கப் புடிச்சு விடல பாருங்க. உங்க மவன் மூக்கு மாதிரியே சப்பையாப் போவும்."

"எம் மவன் மூக்குக்கு என்னா கொறச்சல்?"

மகள் சிரித்ததைக் கேட்டுக்கொண்டே ஹீட்டரை மூடினேன்.

அதன் பிறகு டின்னோடு வீடு வீடாகப் போனேன். "வேலையில நான் செஞ்ச தப்பு, சரிபண்ண வந்திருக்கேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சிலர் காப்பி கொடுத்தார்கள். ஒருவர், "தண்ணி இப்ப மெதுவா வருதே, பழையபடி கழட்டி விட்டுருங்க தலைவரே" என்று கெஞ்சினார். கழற்றவில்லை. டின்னில் இன்னும் ஒரு வால்வு மிச்சமிருக்கிறது. அது எந்த வீட்டுடையது என்று நினைவுக்கு வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையின் முப்பதாம் நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மா காலில் கட்டு இல்லாமல் நடந்தார். பந்தியில் யாரோ என்னை யாரென்று கேட்க, "எங்க அண்ணன். ஹீட்டர் மாட்டுனவரு" என்றார்.

"தப்பா மாட்டுனவருன்னும் சேத்து சொல்லுங்க" என்று சாம்பார் வாளியோடு வந்த சம்பந்தி சொன்னார். பந்தி சிரித்தது. என் இலையில் இரண்டு அப்பளம் விழுந்தது.

வாங்கிய பெயர்களிலே எனக்கு அதிகப் பெருமை தருவது இதுதான். இரண்டு பாதியும் உண்மை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அன்றும் தெருவில் தண்ணீர் நின்றிருந்தது. வழக்கம்போல் குழாய் திறந்தே கிடந்தது. டியூபின் முனை நான் கட்டிய இடத்திலேயே டிரம்முக்கு மேலே தொங்கியது. அந்த அம்மா ஒரு வாளியிலிருந்து மொண்டு என் கையில் ஊற்றினார்.

"ஷவரு முன்ன மாதிரி அடிக்கல, இல்ல?" என்று கேட்டேன்.

"இல்லதான். மெதுவாத்தான் வருது. ஆனா இந்த டியூப மேல கட்டுனீங்க பாருங்க, அதான் நல்ல வேல. முன்ன உள்ளுக்குள்ளயே ரொம்பும், ஒன்னும் கேக்காது. இப்ப தண்ணி வந்தா மொத சொட்டே டம்முனு டிரம்முல விழுது. சமையக்கட்டுல நின்னாலும் கேக்குதுண்ணே."