ஒனீட்டா சொன்ன வழி

ஒனீட்டா கிரிம்ஸின் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, ஆறு வருஷமாக ஒரு கண்ணாடிப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒட்டிய வெள்ளை டேப்பில் 'ஹேக்லர்' என்று எழுதியிருக்கும். அலபாமாவில் டாலிவர் ஊர்க்காரர்கள் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனால் இப்படிப் பெயர் ஒட்டித்தான் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது செய்து வைத்துத் திருப்பித் தரவேண்டும். காலியாகத் தந்தால் அது அவமரியாதை. தராமலே வைத்துக்கொண்டால் பகை. ஒனீட்டா தரவில்லை.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. கேனி ஓடைக்கு அக்கரையில் பிறந்து, அக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். காலுறை ஆலையில் பதினெட்டு வருஷம் தைத்தாள். ஆலையை மூடிக்கொண்டு முதலாளிகள் வேறு தேசம் போனதும், நெடுஞ்சாலை முக்கில் இருக்கும் பெட்ரோல் பங்கின் கல்லாவில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து டாலிவருக்குள் நுழைகிற எவரும் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். வேகவைத்த வேர்க்கடலை அவள் கையால் வாங்கினால்தான் ருசி என்று சொல்கிற லாரிக்காரர்கள் உண்டு. கணவன் டெல்மரும் லாரிக்காரன்தான், மரம் ஏற்றுகிறவன். சண்டை போட்டுக்கொண்டே முப்பத்தைந்து வருஷம் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஒரு வசந்த காலத்து வெள்ளத்தில் கேனி ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போனது. ரோடும் பாலமும், நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்குக் கமிஷனராக இருந்த ராய்ஸ் ஹேக்லரின் பொறுப்பு. ராய்ஸ் வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், கோடைக்குள் பாலம் நிற்கும் என்றார். கோடை போனது, இலையுதிர் காலமும் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டெல்மருக்கு நெஞ்சு வலித்தது. பாலம் இருந்தபோது ஊரிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். அன்றைக்கு ஃபோன் பண்ணியதிலிருந்து ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பதாவது நிமிஷத்தில் அவசரம் முடிந்துவிட்டது. அதே வருஷம் ஊர்ச் சதுக்கத்தில் புது மணிக்கூண்டும், ஊர் முகப்பில் செங்கல் வளைவும் வந்தன.

துக்கத்துக்கு ராய்ஸ் வந்தார். மனைவி செய்துகொடுத்த கோழிச் சோற்றை மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்பப்பா, உங்க வீட்டுக்கு வரணும்னா என்னா சுத்து சுத்த வேண்டியிருக்கு."

கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் சிலருக்கு மூளைக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த பாலம் எப்போதோ அடித்துக்கொண்டு போயிருக்கும். பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒனீட்டா அழவில்லை. சோற்றைப் பின்கட்டில் நாய்க்குக் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தாள்.

அதன்பிறகு மாதம் தவறாமல் கவுண்டி கமிஷன் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். பாலம் எப்போது வரும் என்று அவள் ஒரு நிமிஷத்தில் கேட்டு முடிப்பாள். "பட்டியல்ல இருக்கும்மா" என்பார் ராய்ஸ், மூக்குக்கண்ணாடி வழியாகக் காகிதத்தைப் பார்த்தபடியே. ஆறு வருஷத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட தடவை அதே பதில். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பாலம் இல்லை என்பதை, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, ராய்ஸ் முகத்துக்கு நேரே, அவரால் 'பட்டியல்' என்று மழுப்ப முடியாத ஒரு ஆள் சொல்லவேண்டும். அதற்காக அவள் எத்தனை வருஷமும் காத்திருப்பாள்.

இந்த வருஷம் ஏப்ரலில் ராய்ஸ் பங்குக்கு வந்தார். கையில் ஒரு கட்டு வண்ணத் துண்டுப்பிரசுரம்.

"ஒனீட்டா, பல்கலைக்கழகத்துலேர்ந்து மூணு பேர் வரப்போறாங்க. நம்ம ஊருக்கு டூரிஸ்ட் வருவானா மாட்டானான்னு எடை போடறதுக்கு. என்னிக்கு வருவாங்க, யாரு, எதுவும் சொல்ல மாட்டாங்களாம். அதனால தெரியாத ஆளு எவன் வந்தாலும் நல்லா சிரிச்சுப் பேசு."

"நான் எப்பவும் சிரிச்ச முகம்தானே, மிஸ்டர் ஹேக்லர்."

"பள்ளிக்கூடத்துல எனக்குப் பின் பெஞ்சு நீ. என்ன எப்பப் பாத்தாலும் மிஸ்டர்?"

"பதவிக்குக் குடுக்கற மரியாதைங்க."

ராய்ஸ் சிரித்தார். பிரசுரத்தின் அட்டையில் மார்லோ ஆலைக் குளம்: நீர்ச்சக்கரம், அல்லி, மூன்று வாத்து. ஊரில் பார்க்கத் தகுந்த ஒரே இடம் அது. இருப்பது அக்கரையில், ஒனீட்டா வீட்டுக்கு ஒரு மைல் தள்ளி.

"படம் ஜோரா இருக்கு" என்றாள் ஒனீட்டா.

"இருக்காதா பின்ன? இன்னொண்ணு. முக்குல 'பாலம் இல்லை'ன்னு ஆரஞ்சு போர்டு வெச்சிருந்தோம்ல, அதத் தூக்கச் சொல்லிட்டேன். ஊருக்குள்ள நுழையறப்பவே இழவு வீடு மாதிரி இருந்துச்சு. நம்மாளுங்க எல்லாருக்குந்தான் சுத்திப் போகத் தெரியுமே."

அவர் சொன்னது வாஸ்தவம். நம்மாட்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒருவனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி ஒனீட்டாவின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, பிரசுரங்களைக் கல்லாவுக்கு முன்னால் அழகாக அடுக்கி வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். வேர்க்கடலை வாங்கித் ஓட்டோடு மென்று முழித்தபோதே வெளியூர் என்று தெரிந்துவிட்டது. வயதான அம்மாள் ஒருத்தி வைக்கோல் தொப்பியோடு கல்லாவுக்கு வந்து, "இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்டதும் யாரென்றும் தெரிந்துவிட்டது. டாலிவரில் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டவர் எவரும் இல்லை.

ஒனீட்டா பிரசுரத்தை எடுத்து நீட்டினாள். "ஆலைக் குளம் இருக்குங்க. கண்டிப்பா பாக்கணும்."

"வழி?"

"நேராப் போங்க. காலுறை ஆலை இருந்த இடம் வரும். இப்ப வெறும் புல்லுதான். அங்க இடது பக்கம் திரும்புங்க. கென்னட்டோட பெரிய ஓக் மரம் இருந்துச்சு, புயல்ல விழுந்துடுச்சு, அங்கேர்ந்து வலது. அப்புறம் கேனி ஓடைப் பாலம். பாலத்தத் தாண்டினா ரெண்டே நிமிஷம்."

அம்மாள் எழுதிக்கொண்டாள். "இருந்த இடம், இருந்த மரம். இப்ப இருக்கறத வெச்சு யாரும் வழி சொல்ல மாட்டீங்களா?"

"இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தாங்க சொல்லுவோம்."

பொய் இல்லை. டாலிவரில் பாதிரியாரைக் கேட்டாலும், எரிந்துபோன மளிகைக்கடையில் திரும்பச் சொல்வார். பாலத்துக்குக் கால் மைல் முன்னாலேயே குறுக்கே கான்கிரீட் கட்டைகள் கிடப்பதும் ஒனீட்டாவுக்குத் தெரியும். யார் உயிருக்கும் ஆபத்தில்லை. பள்ளத்துக்குள் செல்ஃபோன் எடுக்காது, வரைபடத்தில் இன்னும் பாலம் இருக்கிறது, திரும்பிச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான். வண்டி கிளம்பியதும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பூராவும் அவளுக்குப் பசியே இல்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் பொது விருந்து. வீட்டுக்கு ஒரு பண்டம். சாப்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்காரர்களின் அறிக்கை வாசிப்பு. முதல் வரிசையில் புதுக் கோட்டோடு ராய்ஸ், பக்கத்தில் மனைவி ஃப்ரீடா. வைக்கோல் தொப்பி அம்மாள் மேடையேறினாள். பெயர் டாக்டர் ஆல்த்தியா வென் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

முதலில் புகழ்ந்தாள். மக்கள் அன்பானவர்கள், மணிக்கூண்டு அழகு. ராய்ஸ் காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகு அம்மாள் பக்கத்தைப் புரட்டினாள்.

"நீங்களே அச்சடிச்ச தாள்ல முதல் படம் ஆலைக் குளம். அங்க போற பாலம் ஓடையில இல்ல. பாலம் இல்லைன்னு சொல்ற பலகையும் எங்கயும் இல்ல. வழி தெரியாம, சுத்தி, நாங்க போய்ச் சேர நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. பாலம் கட்டற வரைக்கும் இந்த ஊருக்கு எதையும் பரிந்துரைக்க முடியாது. ஒரு விருந்தாளி வர முடியாத இடத்துல ஊர்க்காரங்க எப்படி இருக்காங்கன்னும் எங்களுக்குப் புரியல."

ராய்ஸின் கழுத்து சிவந்தது. எழுந்து திரும்பினார்.

"யாரு இவங்கள அந்த வழியில அனுப்புனது?"

"நான்தான்" என்றாள் ஒனீட்டா, கடைசி மேஜையிலிருந்து எழுந்து.

"இல்லாத பாலத்த வெச்சு வழி சொன்னியா?"

"இந்த ஊர்ல இருக்கறத வெச்சு யாரு, எப்ப வழி சொல்லியிருக்கா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு மேஜை மேஜையாகப் பரவியது. ஃப்ரீடாகூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். ராய்ஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தார், உட்காரவும் தோன்றாமல்.

"அவங்களுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம்" என்றாள் ஒனீட்டா. "ஆம்புலன்ஸுக்கு அம்பத்திரெண்டு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டெல்மரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நான்கு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸ் வாயைத் திறந்தார். பட்டியல் என்ற வார்த்தை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. மூடிக்கொண்டார்.

ஒனீட்டா பையிலிருந்து கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தாள். மேஜைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து முன்வரிசைக்கு வந்தாள். பாத்திரம் பளபளவென்று துடைத்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை. ஊர் மொத்தமும் எட்டிப் பார்த்து, எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டது. அவள் அதை அவர் கையில் வைத்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுப் பாத்திரம், ராய்ஸ். கொஞ்சம் நேரமாயிடுச்சு. சுத்தி வர வேண்டியிருந்துச்சு."