ராக்காயி கேட்கப்போன முட்டைகள்

1977 ஆவணியில் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கலவரக்காரர் தீ வைத்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ராக்காயியின் தம்பி சங்கிலியை வெட்டிப் போட்டார்கள். பிணத்தை எடுக்கக்கூட விடவில்லை. தேயிலைக்குள் ஒளிந்திருந்த ராக்காயியும் புருஷன் வீரபாகுவும் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு ரயிலேறினார்கள். செட்டிகுளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள்.

காடும் லேசில் விடவில்லை. பாயைச் சுருட்டினால் தேள், பானையை நகர்த்தினால் பூரான். அடுத்த காணியில் பிள்ளைகுட்டிகளோடு இருந்து நெல் விதைத்த இளையதம்பியின் மனைவி நேசமலர், ஒரு சேவலையும் பேடுகளையும் கொண்டுவந்து முற்றத்தில் விட்டாள்.

"இதுகள் நிண்டால் பூச்சி பூரான் அண்டாது, ராக்காயி."

கோழிகள் தேளைக் கொத்திக் கிழித்தன. கறையான் புற்றைச் சீய்த்துத் தின்றன. எருவை ராக்காயி மிளகாய்க் கன்றுக்குப் போட்டாள். மகளைப் பெற்றுப் படுத்தபோது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் நேசமலரே பருக்கினாள். வீரபாகுவுக்குக் காய்ச்சல் என்றால் மிளகு தட்டிப்போட்ட கோழிச்சாறுதான் மருந்து.

1985இல் தார் றோட்டில் கண்ணிவெடி வெடித்தது. மத்தியானமே ராணுவம் ஊருக்குள் இறங்கியது. கோழிகளைச் சுட்டு விளையாடினார்கள். பிடிபட்டவற்றைக் கழுத்தைத் திருகி ட்ரக்கில் எறிந்தார்கள். வீரபாகுவை முற்றத்தில் முழங்காலில் இருத்தினார்கள். தலைக்கு வந்த துவக்குப் பிடியை அவன் கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம், குசினிக்குள் அடுப்போரம் மகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ராக்காயிக்குக் கேட்டது.

அவர்கள் போனதும் ஓடிவந்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையை மறித்திருந்தார்கள். கையை இழுத்து நேராக்கினாள்; வீரபாகு அலறி மயங்கினான். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துத் துணியில் பூசிக் கட்டினால் காய்ந்து இறுகும். தோட்டத்தில் அவளுடைய அப்பா அப்படித்தான் கட்டுவார். உளுந்து இருந்தது. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை; கூட்டைச் சப்பாத்துக் காலால் மிதித்து நொறுக்கியிருந்தார்கள்.

முட்டை கேட்டு ராக்காயி நேசமலர் வீட்டுக்கு ஓடினாள். கிணற்றடியில் இளையதம்பி செத்துக் கிடந்தான். நெஞ்சில் துவக்குச் சூடு. நேசமலர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இரத்தத்தைக் கொத்த வந்த கோழிகளை மண்ணள்ளி எறிந்து துரத்திக்கொண்டிருந்தாள்.

ராக்காயி தடியெடுத்து அவற்றை விரட்டினாள். வந்த காரியத்தைச் விட்டுவிட்டுப் பக்கத்தில் விழுந்து அழுதாள்.

"உன்ர மனுசன்?" என்று நேசமலர் கேட்டாள்.

"உசுரோட இருக்காருக்கா. கை முறிஞ்சுபோச்சு."

"கட்டினியே?"

"முட்டை இல்ல..."

"கூட்டுக்குள்ள கிடக்கு. எடுத்துக்கொண்டு ஓடு."

"உங்கள விட்டுட்டு எப்படிக்கா?"

"கட்டிப்போட்டு வா. இவரைத் தூக்க ஆள் வேணும்."

கட்டு இறுகியது. பிரித்தபோது கை சற்றுக் கோணியிருந்தாலும் மண்வெட்டி பிடித்தது. மழையோடு தொடங்கிய அந்தக் காலபோகத்தில் நேசமலரின் வயலையும் வீரபாகுவே விதைத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் நேசமலர் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. காட்டுக்குள் ஓடித் தப்பிய தன் சேவலை அறுத்து ராக்காயி சாறு வைத்துச் சட்டியோடு கொண்டுபோனாள்.

"குடிங்கக்கா. புள்ளைங்க ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

கிணற்றடியில் இரத்தத்தைக் கொத்த வந்த அலகுகள் கண்ணுக்குள் வர, நேசமலர் கோப்பையைப் பிடுங்கி அவள் முகத்திலேயே வீசினாள். நெற்றி வெடித்து இரத்தம் வந்தது. ராக்காயி முந்தானையால் துடைத்துக்கொண்டு, சட்டியில் மிச்சமிருந்ததை வேறு கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

நேசமலர் அந்த நெற்றியையே பார்த்தபடி இருந்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.