சாம்பல் அள்ளாத லோரி

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது. என் கணவர் ஓட்டிய லோரி அடுப்புக்கரியில் ஓடியது. பின்பக்கம் ஆளுயர இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து விசிறியைச் சுற்றினால் புகை எஞ்சினுக்குப் போகும், வண்டி நகரும். நகர வேண்டும்.

அவருடையது மூன்று நாளாகத் தினமும் புக்கிட் பாஞ்சாங் மேட்டில் நின்றுபோனது. மரவள்ளி மூட்டைகள் வழியிலேயே கிடந்தன. டிரைவர்களை மேய்க்கும் மண்டோர் எங்கள் சிராங்கூன் ரோட்டு வீட்டுக்கே வந்து அவரிடம் சொன்னார்: "நாளைக்கும் நின்னுச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாதுலா. சயாம் ரயில் வேலைக்கு ஆள் கேக்குறாங்க. உன் பேரைத்தான் கொடுக்கணும்."

சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். விடிந்ததும் அவர் பின்னாலேயே லோரிக் கொட்டகைக்குப் போனேன்.

"நீ எதுக்கு இங்க? ஆம்பளைங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீங்க கரி போடுங்க, நான் பாக்கணும்."

கரி மூட்டையைத் தூக்கினார். தூளும் கட்டியுமாக அப்படியே பீப்பாய்க்குள் கவிழ்த்தார். மூடியைச் சாத்தினார்.

"சாம்பலை எப்ப அள்ளுனீங்க?"

"என்ன சாம்பல்?"

தலையில் அடித்துக்கொண்டேன். பதினைந்து வருடம் பெட்ரோல் ஊற்றிப் பழகிய மனிதர். பெட்ரோல் எரிந்தால் மிச்சம் இருக்காது. வீட்டு அடுப்பை ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால்தானே!

பீப்பாயின் கீழ்க்கதவைத் திறந்தேன். சாம்பல் இறுகி அடைத்துக் கிடந்தது. இரண்டு வாளி அள்ளினேன். கரியை வெளியே கொட்டி, தூளைச் சலித்து ஒதுக்கி, பெரிய கட்டிகளை எலுமிச்சம்பழம் அளவுக்கு உடைத்துத் திரும்ப உள்ளே போட்டேன். மற்ற டிரைவர்கள் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். பற்றவைத்து அவர் விசிறியைச் சுற்ற, எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

சிரித்தவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்தார். "அக்கா, என் லோரியையும் கொஞ்சம் பாருங்களேன்."

அன்று வீட்டில் எந்த வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அவர் வந்து, "மேட்டுல ஒரு தடவகூட நிக்கல. மண்டோர் என் பேரை எழுதல" என்றார். கால் கழுவக்கூட நிற்காமல் நேரே சமையல்கட்டுக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம் வராதவர், என் அடுப்பின் முன் குந்தி, இரண்டு கையாலும் சாம்பலை அள்ளினார்.