வலக்கை குத்திய மிளகாய்

மிளகாயை இடக்கையில் கிடத்தி, வலக்கை ஊக்கால் ஒரு குத்து. திருப்பி இன்னொரு குத்து. காம்பு கழன்றுவிடக் கூடாது. கழன்றால் விதையெல்லாம் மோரில் மிதக்கும். ஊக்கு நழுவித் தரையில் விழுந்தால் பாண்டீஸ்வரி அதைக் கொஞ்ச நேரம் முறைக்கிறார். பிறகு அதே வலக்கையால்தான் பொறுக்குகிறார். இடக்கை உதவிக்கு நகர்ந்தால், "நீ சும்மா கெட" என்று அதற்கும் ஓர் அதட்டு.

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த கை அது. போன ஐப்பசியில் ஒரு நாள் வாய் கோணி, வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு முதலில் திரும்பியது, கால் அடுத்து. கை மட்டும் பாதியில் நின்றது. பிடிக்கும், பிடித்தது சுடுகிறதா என்று தெரியாது. ஒருமுறை கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினார். கொப்புளத்தை மற்றவர்கள்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து மருமகள் ஓவியா அவரை அடுப்பருகே விடுவதில்லை. "கையில சுரணை வரட்டும் அத்தை, அப்புறம் அடுப்பு ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். ஐம்பத்தொன்பது வயதில் அடுத்தவர் வைத்த குழம்பைச் சாப்பிடுவது பாண்டீஸ்வரிக்கு நோயைவிடப் பெரிய நோய். "உப்பு எங்கனயோ நிக்கிது, புளி எங்கனயோ நிக்கிது" என்பார், தட்டை வழித்துக்கொண்டே.

வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு குண்டு மிளகாய்ச் செடிகள். எல்லாம் அவர் வைத்தவை. பங்குனியில் மொத்தமாகக் காய்த்துத் தள்ளின. பச்சையாக இருக்கும்போதே குத்தி மோரில் போட வேண்டும், பழுத்துவிட்டால் ஆகாது. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முப்பது காய்தான் முடிந்தது.

கணவர் சுருளியாண்டி வாசலில் இருந்தபடி கேட்டார். "ஈஸ்வரி, நீ குத்தி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் பழுத்து வத்தலாயிருமே?"

"ஆனா ஆகட்டும். வத்தல் திங்க மாட்டேன்னு நீங்க எழுதியா குடுத்துருக்கீக?"

காரம் படாமல் மாட்டிக்கொள்ள ஓவியா இரண்டு கைக்கும் காலிப் பால் கவர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இடக்கைக்கு மட்டும் மாட்டிக்கொண்டார். "வலக்கைக்கு எதுக்கு? காரமே தெரியாத கை ஊருல வேற எவளுக்கு இருக்கு?" அந்தப் பெருமையிலேயே இரண்டாம் நாள் நெற்றி வியர்வையை வலக்கையால் துடைத்தார். கை அமைதியாக இருந்தது. கண் இரண்டும் அலறின. தண்ணீரை வாரி அடித்துவிட்டு, கண் சிவக்கச் சிவக்க மறுபடி உட்கார்ந்து மிச்சத்தைக் குத்தினார்.

அன்றன்று குத்தியது அன்று மாலையே உப்புப் போட்ட புளித்த மோருக்குள் போகும். காலையில் மொட்டை மாடியில் பழைய வேட்டிமேல் காயும். மலைக்காற்று வேட்டியையே தூக்கிக்கொண்டு போகும் என்பதால் நான்கு மூலைக்கும் செங்கல். மாலையில் மறுபடி அதே மோர். மோர் முழுவதும் மிளகாய்க்குள் போகும்வரை இப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு நூறு காய் ஓடியது. செடியில் பழுத்தது மொத்தம் பதினொன்று. அதைக் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "இந்தாங்க, ஒங்க வத்தல்."

நான்காம் நாள் கடைசிக் கூடை. பாதியில் ஊக்கு நின்றது.

"ஓவியா, இங்கன வா."

"என்னத்தை, திரும்பக் கண்ணுல பட்டுருச்சா?"

"கண்ணு இல்ல ஆத்தா. வெரல் இடுக்குல எரியுது."

"எந்தக் கையி?"

"கவர் போடாத கையிதான்டீ!"

ஓவியா ஓடிப்போய்த் தயிர்க் கிண்ணத்தோடு வந்தாள். "தடவுங்க அத்தை, அடங்கிரும்."

"அடங்க வேணாம்."

பாண்டீஸ்வரி சுவரைப் பிடித்து எழுந்தார். தயிர்க் கிண்ணத்தைத் தாண்டி அடுப்படிக்குள் போய், சிவந்து கிடந்த வலக்கையை மருமகளிடம் நீட்டினார், லைட்டரைக் கொடு என்று.