கிரைண்டரும் ஒரு கழித்தல் குறியும்

பிளஸ் டூவில் பிசிக்ஸில் மட்டும் கோட்டை விட்டிருந்தேன். மறுதேர்வில் தேறினால் கல்லூரி. இல்லையென்றால், தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பரோட்டாக் கடையின் கல்லாப்பெட்டி. அப்பா இதில் ஒளிவுமறைவே வைக்கவில்லை.

"பிசிக்ஸ் கிட்டலைன்னா போட்டும் மக்ளே. கல்லால இருந்தா போதும். நம்ம கடைல்லா."

அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூத்திரங்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கணக்கை வாசித்தால்தான் கை ஓடாது. "சரிவான தளத்தில் ஒரு கட்டை இருக்கிறது" என்று ஆரம்பிப்பார்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது, மூச்சு விட மாட்டார்கள். நான் எண்களைப் பொறுக்கியெடுத்து, கைக்கு வந்த சூத்திரத்தில் திணிப்பேன். உராய்வைக் கண்டால் யோசிக்காமல் கூட்டிவிடுவேன். உராய்வென்றாலே எதிரி, அதற்கும் சேர்த்துத் தள்ள வேண்டும் என்பது என் கொள்கை. பாதிக் கணக்கு சரியாக வரும், பாதி வராது. ஏனென்று புரியாது.

பழுது பார்க்கப் போயிருந்த மாவு கிரைண்டர் ஒரு நாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கியது. கடைக்கு ஏறப் படிகள் உண்டு. படிமேல் பலகையைச் சாய்த்துப் போட்டு, அப்பாவும் நானும் கீழேயிருந்து தள்ளினோம். பலகை சொரசொரவென்று உயிரை வாங்கியது. பாதி ஏறியதும் அப்பாவின் கைலி அவிழப் பார்த்தது. நின்று, இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"அப்பா, கைய எடுக்காதிங்க."

"நீ பிடிச்சுக்கோ மக்ளே. அது எங்கயும் போவாது."

போகவில்லை. என் மேல் சரியப்போகிறது என்று நான் பயந்த கிரைண்டர், லேசாகக் கை கொடுத்ததற்கே அடங்கி நின்றது. மேலே தள்ளும்போது எங்களைப் படுத்திய அதே பலகை, இப்போது அதை நழுவ விடாமல் எனக்காகத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏற்றினால் உராய்வு கீழ்நோக்கி இழுக்கிறது. கீழே நழுவப் பார்த்தால் மேல்நோக்கித் தாங்குகிறது. இங்கே கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். அப்பா நிதானமாகக் கைலியை மடித்துக் கட்டினார். நான் கிரைண்டரைப் பிடித்தபடி சிரித்தேன்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. மைனஸ்."

அதன்பிறகு எல்லாக் கணக்கிலும் கட்டையைத் தூக்கிவிட்டுக் கிரைண்டரை வைத்தேன். கேள்வியில் வரும் மனிதர் அப்பாவானார். அவர் தள்ளுகிறாரா, சும்மா பிடிக்கிறாரா? கிரைண்டர் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது? இழுப்பவர், தாங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி போட்டேன். அம்புகளைச் சேர்த்து ஒரு வரியில் எழுதினால் அதுதான் சமன்பாடு. இவ்வளவுதானா என்று புத்தகத்தின் மேலேயே கோபம் வந்தது.

மறுதேர்வில் கேட்டேவிட்டார்கள். சரிவில் இருக்கும் பெட்டி நழுவாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச விசை எவ்வளவு? தேர்வு அறையில் எனக்குக் கைலிதான் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கீழே இழுக்கும் எடையின் பங்கை எழுதி, அதிலிருந்து உராய்வைக் கழித்தேன். அந்தக் கழித்தல் குறியை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

மதியக் கூட்டத்தின் நடுவே போனில் ரிசல்ட் வந்தது. பாஸ். கல்லில் கிடந்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டபடியே அப்பா கேட்டார்.

"நல்ல மார்க்கா?"

"நல்ல மார்க்குப்பா."

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அப்பா அடுத்த பரோட்டாவைக் கல்லில் போட்டார். கூட்டம் குறைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார். தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

கல்லாவுக்கு ஆள் தேவை.